நிறமாலையின் வரலாறு – 17: அகலத்தை அளந்தவர்கள்

ஆவணி, புரட்டாசி மாதங்களின் முன்னிரவில் வடக்கு வானைப் பார்த்தால் வேகா தெரியும். நம் மரபில் அதன் பெயர் அபிஜித். அதற்குக் கிழக்கே சற்றுத் தள்ளி டெனெப். இரண்டும் வெள்ளை விண்மீன்கள். மேற்பரப்பு வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டின் நிறமாலையிலும் முதலில் கண்ணில் படுபவை ஹைட்ரஜனின் கோடுகளே. ஆனால் வேகாவில் அந்தக் கோடு ஒவ்வொன்றும் பட்டையாகப் படர்ந்து கிடக்கும். டெனெபில் அதே கோடு மெலிந்து கூராக இருக்கும்.

இந்த வேறுபாட்டை வகைப்படுத்த வேண்டிய ஒன்றாக முதலில் எடுத்துக்கொண்டவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய அன்டோனியா மோரி. ஒளிப்படத் தகடுகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1897இல் அவர் வெளியிட்ட பட்டியலில், கூரான கோடு கொண்ட மீன்களைத் தனியே பிரித்து ‘சி’ என்று குறியிட்டார். ஆய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் அதைப் பொருட்படுத்தவில்லை; தகடுகளின் தரத்தை வைத்து இவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடியாது என்பது அவர் எண்ணம். டென்மார்க்கில் எய்னார் ஹெர்ட்ஸ்ப்ருங் 1905இல் அந்தக் குறியை எடுத்துப் பார்த்தபோது ‘சி’ மீன்கள் எல்லாமே பிரம்மாண்டமான ஒளி வீசுபவை என்று தெரியவந்தது. மோரியின் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. ஆனால் காரணம் மோரிக்கும் தெரியாது, ஹெர்ட்ஸ்ப்ருங்குக்கும் தெரியாது. ஒரு கோடு ஏன் அகலமாகிறது?

சென்ற இதழில் மேகநாத் சாகாவின் அயனியாக்கச் சமன்பாட்டோடு நிறுத்தியிருந்தோம். எந்தத் தனிமம் இருக்கிறது என்பதைக் கோட்டின் இடம் சொல்கிறது. எவ்வளவு சூடு என்பதைக் கோடுகளின் வலிமையிலிருந்து சாகாவின் சமன்பாடு சொல்கிறது. மூன்றாவதாக ஒன்று மிச்சமிருந்தது, கோட்டின் அகலம். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த வேலை முழுதாக முடிந்துவிட்டதென்று இன்றும் சொல்ல முடியாது.

அகலத்துக்கு இரண்டு காரணங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதை ஒட்டியும் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஒன்று, அணுக்கள் நம்மை நோக்கியும் விலகியும் ஓடுவதால் வரும் டாப்ளர் விரிவு. 1889இல் ரேலி பிரபு அதைக் கணக்கிட்டார், அடுத்த ஆண்டுகளில் மைக்கல்சன் தன் குறுக்கீட்டுமானியால் அளந்தார். மற்றொன்று, ஒளிவிடும் அணு இன்னொன்றோடு மோதி அலை அறுந்துபோவதால் வரும் விரிவு. இதை 1906இல் லோரென்ட்ஸ் எழுதினார். ஆனால் ஹைட்ரஜனுக்கு இந்த இரண்டும் போதவில்லை. ஹைட்ரஜன் கோடுகளின் பால்மர் வரிசையில் இரண்டாவது கோடு, நீலப்பச்சையில் 486.1 நானோமீட்டரில் இருக்கும் பீட்டா. பத்தாயிரம் கெல்வின் சூட்டில் அதன் டாப்ளர் அகலம் ஏறத்தாழ 0.035 நானோமீட்டர்தான். வேகாவில் அந்தக் கோட்டின் இறக்கைகள் பல நானோமீட்டர் தூரம் விரிகின்றன. நூறு மடங்கு வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது.

விடையின் முதல் துண்டு ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வந்தது. காந்தப்புலம் நிறமாலைக் கோட்டைப் பிளக்கும் என்பதை 1896இல் ஸீமன் காட்டியிருந்தார். மின்புலமும் பிளக்குமா? பலர் தேடிப் பார்த்துக் கைவிட்டிருந்தனர். ஒளிரும் வாயு மின்சாரத்தைக் கடத்தும்; அதற்குள் வலுவான மின்புலத்தை நிறுத்திவைக்க முயன்றால் புலம் உடனே சரிந்துவிடும். இதுதான் தடை. யோஹன்னஸ் ஸ்டார்க் 1913இல் அதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார். எதிர்மின் தகட்டில் துளைகள் இட்டு, அவற்றின் வழியே பின்புறம் பாயும் நேர்மின் கதிர்களை எடுத்துக்கொண்டார். தகட்டுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தூரத்தில் இன்னொரு தகடு. அந்தக் குறுகிய இடைவெளியில் வாயு மிக அரிதாக இருந்ததால் சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட் புலம் சரியாமல் நின்றது. ஊடே பாய்ந்த ஹைட்ரஜன் அணுக்களின் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தபோது பீட்டா கோடும் அதற்கடுத்த காமா கோடும் பல கூறுகளாகப் பிளந்திருந்தன. அதே ஆண்டில் ஃபிளாரன்ஸில் அன்டோனினோ லோ சுர்டோவும் வேறொரு வகைக் குழாயில் இதையே கண்டார். இத்தாலிய நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லும். மற்ற நாடுகளில் ‘ஸ்டார்க் விளைவு’ என்று ஸ்டார்க் பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1919இல் ஸ்டார்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டார்க்கைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பின்னாளில் அவர் ஹிட்லரின் ஆதரவாளரானார். ஐன்ஸ்டைனின் இயற்பியலை ‘யூத இயற்பியல்’ என்று பழித்த கும்பலுக்குத் தலைமை தாங்கினார். யூதரல்லாத ஹைசன்பர்க்கையே ‘வெள்ளை யூதர்’ என்று முத்திரை குத்திய 1937ஆம் ஆண்டுத் தாக்குதலில் அவருடைய கையும் உண்டு. அந்த வெறுப்புக்கு ஆளான குவாண்டம் கோட்பாடுதான் அவருடைய கண்டுபிடிப்பையே விளக்கிற்று. 1916இல் பால் எப்ஸ்டைனும் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டும் தனித்தனியே அந்தப் பிளவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஷ்வார்ஸ்சைல்ட் போர்முனையில் பற்றிய நோயால் அந்த மே மாதமே இறந்துபோனார்.

இனி ஹோல்ட்ஸ்மார்க். பாடநூல்களில் ஒரு சூத்திரத்தின் பெயராக மட்டும் வந்து போகிற இந்த நார்வேக்காரருக்கு இந்தத் தொடரில் கூடுதல் இடம் தருகிறேன், ஏனென்றால் நம் கேள்வியின் மையத்தைத் தொட்டவர் அவர்தான். யோஹான் பீட்டர் ஹோல்ட்ஸ்மார்க் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். கட்டிங்கனில் பீட்டர் டிபையிடம் பணியாற்றியபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: வெளியிலிருந்து யாரும் மின்புலம் தராவிட்டாலும், அயனிகள் நிறைந்த வாயுவுக்குள், அதாவது பிளாஸ்மாவுக்குள், இருக்கும் ஓர் அணு புலமே இல்லாத இடத்திலா இருக்கிறது? இல்லை. அதைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அயனியும் அதன்மீது ஒரு மின்புலத்தைச் செலுத்துகிறது. நூறு திசைகளிலிருந்து நூறு விதமாக வரும் அந்தப் புலங்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் சுழியாவதில்லை. ஓர் அணுவுக்கு அது பெரிதாக இருக்கும், பக்கத்து அணுவுக்குச் சிறிதாக. ஒவ்வோர் அணுவின் கோடும் தன் புலத்துக்கேற்பப் பிளக்கிறது. கோடிக்கணக்கான அணுக்களின் ஒளி ஒன்றுசேர்ந்து நம் கருவியை அடையும்போது தனித்தனிப் பிளவுகள் தெரியாது. அகன்ற ஒரே கோடு தெரியும்.

அப்படியானால், ஓர் அணுவின்மீது எந்த அளவுப் புலம் எத்தனை முறை அமையும் என்ற நிகழ்தகவு தெரிந்தால் கோட்டின் வடிவத்தையே கணக்கிட்டுவிடலாம். 1919இல் ஹோல்ட்ஸ்மார்க் அதைச் செய்தார். அந்தக் கணக்கிலிருந்து வெளிவந்த முக்கிய முடிவு எளிமையானது: புலத்தின் வழக்கமான அளவு, அயனி அடர்த்தியின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு நேர்விகிதம். அடர்த்தி எட்டு மடங்கானால் புலம் நான்கு மடங்கு. ஆயிரம் மடங்கானால் நூறு மடங்கு. ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு லட்சம் லட்சம் கோடி அயனிகள் இருக்கும் பிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம்; எண்ணில் எழுதினால் 10¹⁷. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகளில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் இது. அதற்குள் ஹோல்ட்ஸ்மார்க்கின் வழக்கமான புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80,000 வோல்ட். ஸ்டார்க் தன் குழாயில் அரும்பாடுபட்டு நிறுத்திய அளவு புலம் இப்படி அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் இயல்பாகவே இருக்கிறது.

ஹைட்ரஜன் ஏன் இவ்வளவு அதிகமாக அகல்கிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. மற்றத் தனிமங்களில் பெரும்பாலானவற்றின் கோடு மின்புலத்தின் இருமடிக்கேற்ப மெல்லத்தான் நகரும். ஹைட்ரஜனில் நகர்வு புலத்துக்கே நேர்விகிதம். ஒரே ஆற்றலில் பல நிலைகள் ஒட்டியிருப்பதால் சிறு புலமும் அவற்றை உடனே பிரித்துவிடும். ஹைட்ரஜனை ஒத்த ஒற்றை எலக்ட்ரான் அயனிகளுக்கும் இதே பண்பு உண்டு. அகலத்தில் வெப்பநிலையின் பங்கு சொற்பம், அடர்த்தியின் பங்கே ஏறத்தாழ முழுமை. ஆகவே அகலத்தை அளந்தால் அடர்த்தி தெரிந்துவிடும்.

இந்தச் சாவியை வானத்துக் கோடுகளில் போட்டுத் திறந்தவர் ஓட்டோ ஸ்ட்ரூவெ. நான்காம் தலைமுறை வானியலாளர். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்று, அகதியாகி, 1921இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகம் வந்து சேர்ந்தார். 1929இல் அவர் எழுதிய கட்டுரை விண்மீன் நிறமாலைகளில் ஸ்டார்க் விளைவு இருக்கிறது என்பதைத் தெளிவாக நிறுவியது. டெனெப் போன்ற பெருமீன்களின் வளிமண்டலம் மிகப் பெரியது, மிக மெலிந்தது, அயனிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன, புலம் குறைவு, கோடு கூர்மை. வேகாவின் மேற்பரப்பு ஈர்ப்பு அதிகம், வாயு இறுகியிருக்கிறது, கோடு படர்கிறது. அன்டோனியா மோரி குறித்துவைத்த ‘சி’க்கு முப்பத்திரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த விளக்கம் இது.

அதே யெர்க்ஸுக்கு 1937இல் ஸ்ட்ரூவெயின் அழைப்பை ஏற்று வந்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர் ஹோல்ட்ஸ்மார்க்கின் கணக்கை எடுத்து யாரும் எதிர்பாராத இடத்தில் பொருத்தினார். மின்விசையும் ஈர்ப்பு விசையும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகின்றன. அப்படியானால் அயனிகளுக்குப் பதிலாக விண்மீன்களை வைத்தாலும் அதே நிகழ்தகவு தானே வரும்? விண்மீன் கூட்டத்துக்குள் ஒரு மீனை மற்றவை எப்படி அலைக்கழிக்கின்றன என்பதை அவரும் ஜான் வான் நாய்மனும் 1942–43இல் இந்த அடிப்படையில் எழுதினார்கள். 1943இல் சந்திரசேகர் எழுதிய நெடிய மீளாய்வுக் கட்டுரையில் ஹோல்ட்ஸ்மார்க் பரவலுக்கு அவர் தந்த தெளிவான வருவிப்பைப் படித்துத்தான் பிளாஸ்மா இயற்பியலாளர்களின் பின்வந்த தலைமுறைகளும் அதைக் கற்றன. ஹோல்ட்ஸ்மார்க் நார்வே திரும்பி ஒலியியலில் பெரிய பெயர் எடுத்தார்.

இடையில் 1939இல் டேவிட் இங்கிலிஸும் எட்வர்ட் டெல்லரும் ஒரு குறுக்குவழி காட்டினர். பால்மர் வரிசையில் மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கும், அகலமும் கூடும். ஒரு கட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். தனியாகத் தெரியும் கடைசிக் கோடு எத்தனையாவது நிலையிலிருந்து வருகிறது என்று எண்ணினாலே அடர்த்தி கிடைத்துவிடும். பதினைந்தாம் நிலையோடு கரைந்தால் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3×10¹⁴. எட்டோடு கரைந்தால் அதைப்போல நூறு மடங்கு. தோராயமான முறைதான். ஆனால் மிக எளிமையானது என்பதால் இன்றும் பயன்படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதமும் வானமும். இங்கேதான் இந்த வரலாற்றின் கடினமான பகுதி தொடங்குகிறது. அகலம் அடர்த்தியைச் சொல்கிறது என்கிறோம். அந்தக் கூற்றைச் சரிபார்க்க என்ன வழி? விண்மீன் வளிமண்டலத்தின் அடர்த்தியை வேறு வழியில் நேரடியாக அளக்க முடியாது. ஆய்வகத்தில், அடர்த்தி வேறொரு முறையால் உறுதியாகத் தெரிந்த ஒரு பிளாஸ்மாவை அசையாமல் நிறுத்திவைத்து, அதில் கோட்டின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக அளந்தாக வேண்டும். அதைச் செய்யாதவரை, அகலம் தரும் எண் ஒரு நம்பிக்கைதான். நிறமாலை வரலாறு எழுதுபவர்கள் கோட்பாட்டுக்காரர்களின் பெயர்களைச் சொல்லி நகர்ந்துவிடுவதுண்டு. இந்தத் துறையை நம்பத்தக்கதாக்கியவர்கள் அளந்தவர்கள் என்பதே என் முடிவு.

அந்த வேலையின் பிறப்பிடம் வட ஜெர்மனியின் துறைமுக நகரான கீல். நீர்மூழ்கித் தளம் இருந்ததால் இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் அந்நகரைத் தரைமட்டமாக்கின, பல்கலைக்கழகமும் தப்பவில்லை. 1945இன் பிற்பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கட்டடங்களில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. விண்மீன் வளிமண்டலங்களைப் பற்றி 1938இல் பெருநூல் எழுதிய ஆல்பிரெக்ட் உன்சோல்ட் அங்கே இருந்தார். 1939இல் அவர் அமெரிக்கா சென்று விருச்சிகத்தின் டாவ் மீனின் நிறமாலையைப் பதிவுசெய்து வந்து, போர்க்காலம் முழுவதும் அந்தத் தகடுகளை ஆராய்ந்தவர். வால்டர் லோக்டே-ஹோல்ட்கிரேவன் பரிசோதனைப் பிரிவை நடத்தினார். வானத்தைப் படிப்பவரும் மின்வில்லை எரிப்பவரும் ஒரே வளாகத்தில் இருந்ததால், உன்சோல்டின் கேள்விகளுக்கு ஆய்வகத்தில் விடை தேடும் வழக்கம் அங்கே உருவாயிற்று.

அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி 1920களில் பெர்லினில் சீமென்ஸ் ஆய்வகத்தின் கெர்டியன் செய்தது. இரண்டு மின்முனைகளுக்கு இடையே எரியும் வில்லைச் சுற்றி நீரைச் சுழலவிடுவார்கள். சுழலும் நீர்ச்சுவர் வில்லை நெருக்கி ஒடுக்கும்; ஒடுங்கிய வில் மேலும் சூடாகும். கீலில் ஹைன்ஸ் மெக்கரும் மற்றவர்களும் 1951இல் இந்த முறையில் 50,000 கெல்வினை எட்டினார்கள். சூரியனின் மேற்பரப்பைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல்! நீர்ச்சுவரில் இன்னொரு வசதியும் உண்டு. வில்லின் சூட்டில் நீர் ஆவியாகிச் சிதைந்து ஹைட்ரஜனைத் தருகிறது. அளக்க வேண்டிய கோடுகள் அந்த நீரிலிருந்தே வருகின்றன. 1952இல் யூர்கென்ஸ் அந்த வில்லில் பால்மர் கோடுகளின் வடிவத்தை அளந்து ஹோல்ட்ஸ்மார்க்கின் கணக்கோடு ஒப்பிட்டார். 1956இல் மெக்கர் நீருக்குப் பதிலாக நடுவில் துளையிட்ட செப்புத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உள்ளே நீரோட்டிக் குளிர்வித்து, துளைகளின் வழியே வில்லை எரித்தார். அசையாமல் மணிக்கணக்கில் எரியும் பிளாஸ்மா முதன்முதலாகக் கைக்கு வந்தது.

இவற்றை வைத்து அளப்பதில் என்னென்ன ஏமாற்றங்கள் காத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வில்லின் நடு சூடு, ஓரம் குளிர்ச்சி. பக்கவாட்டில் பார்த்தால் எல்லா அடுக்குகளின் ஒளியும் கலந்து வரும். ஏபெல் என்ற நார்வேக் கணித மேதையின் சமன்பாட்டைக் கொண்டு அடுக்கடுக்காக உரித்தெடுக்க வேண்டும். பிளாஸ்மா தடித்திருந்தால் தன் ஒளியைத் தானே விழுங்கும். கோட்டின் உச்சி மழுங்கி, இல்லாத அகலம் இருப்பதாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க வில்லுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைப்பார்கள்: கண்ணாடியின் இழப்பைக் கழித்துவிட்டு ஒளி இரு மடங்கானால் பிளாஸ்மா தெளிவானது; ஆகாவிட்டால் அந்த அளவீட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நிறமாலைமானியே சேர்க்கும் அகலத்தைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் ஒரு எண் கிடைக்கும்.

அளவுகள் சேரச் சேர, ஹோல்ட்ஸ்மார்க்கின் வடிவம் முழுதாகப் பொருந்தவில்லை என்பது வெளிப்பட்டது. அயனிகளை மட்டும் கணக்கில் எடுத்தால் கோடு கணக்கில் ஒடுங்கிவிடுகிறது. அளந்த கோட்டின் இறக்கைகளில் ஒளி அதிகம். விட்டுப்போனது எலக்ட்ரான்களின் பங்கு. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றி நெருக்கும் பெரியவர்கள் மெல்ல நகர்கிறார்கள். அவர்களின் அழுத்தம் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. இடையே புகுந்து ஓடும் சிறுவர்கள் கணத்துக்குக் கணம் இடித்துவிட்டுப் போகிறார்கள். அயனிகள் முதல் வகை, எலக்ட்ரான்கள் இரண்டாம் வகை. அயனிகளின் புலத்தை நிலையானதாகவும் எலக்ட்ரான்களின் தாக்கத்தை மோதல்களாகவும் தனித்தனியே நடத்த வேண்டும். 1958இல் பிட்ஸ்பர்கில் மிஷேல் பராஞ்சே ஒருபுறமும், ஆலன் கோல்பும் ஹான்ஸ் கிரீமும் இன்னொரு புறமும் இதை எழுதி முடித்தனர். கிரீம் 1954இல் கீலில் முனைவர் பட்டம் பெற்று மேரிலாந்துக்கு வந்தவர். 1959இல் கிரீம், கோல்ப், ஷென் மூவரும் வெளியிட்ட ஹைட்ரஜன் அட்டவணைகளை அதன்பின் உலகெங்கும் பயன்படுத்தினார்கள். கிரீம் 1964இலும் 1974இலும் எழுதிய இரு நூல்கள் இன்றும் பிளாஸ்மா நிறமாலைக்காரர்களின் மேசையில் இருக்கின்றன.

அட்டவணையைச் சோதித்தவரும் கீல்காரர்தான். வோல்ஃப்காங் வீஸெ, 1957இல் அங்கே பட்டம் பெற்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் சேர்ந்தவர். பாகெட், சோலார்ஸ்கி இருவரோடும் 1963இலும், கெல்லஹர், பாகெட் இருவரோடும் 1972இலும் அவர் செப்புத் தகடு வில்லில் பால்மர் கோடுகளை அளந்து வெளியிட்டார். அடர்த்தியை வேறு வழியில் எப்படி அறிவது? இங்கே சாகா மீண்டும் வருகிறார். வில் வளிமண்டல அழுத்தத்தில் எரிகிறது, அழுத்தம் தெரியும். ஒளியின் முழுச் செறிவைத் தரப்படுத்திய விளக்கோடு ஒப்பிட்டு அளந்தால் வெப்பநிலை கிடைக்கும். இரண்டையும் சாகாவின் சமன்பாட்டில் இட்டால் எலக்ட்ரான் அடர்த்தி வரும். கோட்டின் அகலம் இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை. வேறு ஆய்வகங்கள் லேசர் குறுக்கீட்டுமானியைப் பயன்படுத்தின. எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை மாற்றும் அளவிலிருந்து அடர்த்தியை நேராக எண்ணும் முறை அது. தனித்தனி வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தபோதுதான் பீட்டா கோடு நம்பிக்கையான அளவுகோல் ஆயிற்று. கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ எலக்ட்ரான்கள் என்றால் அதன் பாதி உயர அகலம் 4.8 நானோமீட்டரை ஒட்டியிருக்கும்.

ஆனால் பீட்டாவின் நடுவில் ஒரு முரண்டு இருந்தது. அந்தக் கோட்டின் ஸ்டார்க் பிளவில் இடம் மாறாத நடுக்கூறு கிடையாது. எல்லாக் கூறுகளும் இருபுறமும் விலகிவிடும். ஆகவே கோட்டின் நடுவே ஒரு பள்ளமும் இருபக்கம் இரு முகடுகளும் இருக்க வேண்டும். பள்ளம் இருந்தது உண்மை. கோட்பாடு சொன்ன ஆழம்தான் இல்லை. ஒவ்வொரு முறையும் அளந்த பள்ளம் ஆழம் குறைந்தே இருந்தது. கருவிப் பிழையாக இருக்கலாம், வில்லின் ஓரத்துக் குளிர் அடுக்கின் ஒளி கலந்திருக்கலாம் என்று பல சமாதானங்கள் சொல்லலாம். வீஸெயும் கெல்லஹரும் சமாதானம் தேடவில்லை. பிளாஸ்மாவின் அடர்த்தியை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, ஒளிவிடும் அணுவின் நிறையையும் அதைச் சூழும் அயனியின் நிறையையும் மாற்றினார்கள்: ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம், சூழலுக்கு ஆர்கான், ஹீலியம் என்று. அயனிகள் உண்மையிலேயே அசையாதவை என்றால் நிறை எதையும் மாற்றக் கூடாது. ஆனால் மாற்றியது. கனமான இணையில் பள்ளம் ஆழமாகவும் இலகுவான இணையில் ஆழம் குறைந்தும் இருந்தது. 1973இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். அயனிகளும் நகர்கின்றன, அந்த நகர்வு கோட்டின் நடுவை நிரப்புகிறது.

இத்துறையின் ஆகச் சிறந்த பரிசோதனை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஒரு கோட்பாட்டின் அடித்தள அனுமானத்தை எடுத்து, அது மட்டுமே மாற வேண்டிய விதத்தில் சோதனையை அமைத்து, விடையை ஐயத்துக்கு இடமின்றி வாங்கிவிட்டார்கள். 1977இல் பெர்லினில் குருட்ஸ்மாஹரும் வெண்டேயும் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோட்டை அளந்தபோது பிரச்சினை இன்னும் பெரிதெனத் தெரிந்தது. கோட்டின் நடுப்பகுதி கணக்கைக் காட்டிலும் மிகவும் அகன்றிருந்தது. அயனிகளின் நகர்வை முழுதாகச் சேர்த்துக் கணினியில் துகள் துகளாக ஓடவிடும் முறை பிறகு வளர்ந்தது. ஸ்பெயினின் வயதோலித் நகரில் ஹிகோசோஸும் கார்தெனோசோவும் 1996இல் வெளியிட்ட அட்டவணைகள் அந்த வழியில் வந்தவை. அவை பள்ளத்தைச் சரியாகத் தந்தன.

மற்றத் தனிமங்களின் கதை வேறு விதம். அங்கே அகலம் சிறிது, அளவீடு கடினம், கோடுகள் ஆயிரக்கணக்கில். பெல்கிரேடில் நிகோலா கொன்யெவிச் அளவீட்டாளர்களின் ஒரு பள்ளியையே உருவாக்கினார். உலகில் வெளியாகும் ஒவ்வோர் அகல அளவீட்டையும் அவரும் வீஸெயும் கூட்டாளிகளும் படித்துத் தரம் பிரித்து 1976 முதல் 2002 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். எந்த அளவீடு எவ்வளவு நம்பத்தக்கது என்று அதில் தரக்குறி உண்டு. பிறருடைய வேலையை நேர்மையாக மதிப்பிட்டுச் சொல்லும் இப்படிப்பட்ட தொண்டு அறிவியலில் அதிகம் பாராட்டப்படுவதில்லை. அதே பெல்கிரேடின் மிலான் டிமிட்ரியெவிச்சும் பாரிஸின் சில்வி சஹால்-பிரெஷோவும் கணக்கிட்ட அகலங்கள் ‘ஸ்டார்க்-பி’ என்ற தரவுத்தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இவ்வளவு நுட்பம் யாருக்குத் தேவை என்றால், முதலில் வெண்குள்ளர்களை, அதாவது எரிந்து தீர்ந்து சுருங்கிய விண்மீன்களை, ஆராய்பவர்களுக்கு. சந்திரசேகர் எல்லை வகுத்த அந்த மீன்களின் மேற்பரப்பு ஈர்ப்பு பூமியினதைப்போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஹைட்ரஜன் கோடுகள் அங்கே பூதாகரமாக அகன்றிருக்கும். அகலத்திலிருந்து ஈர்ப்பு, ஈர்ப்பிலிருந்து நிறை, நிறையும் சூடும் தெரிந்தால் குளிர்ந்துவர எடுத்த காலம். 1987இல் டொனால்ட் விங்கெட்டும் அவர் குழுவினரும் மிக மங்கிய வெண்குள்ளர்களைக் கொண்டு பால்வெளித் தட்டின் வயதை ஏறத்தாழ 930 கோடி ஆண்டுகள் என்று கணித்தார்கள். அகலக் கணக்கில் நேரும் பிழை இந்த வகை ஆய்வுகளின் நிறை எண்களிலேயே வந்து விழும். 2009இல் ட்ரெம்ப்ளேயும் பெர்ஜெரோனும் ஸ்டார்க் அட்டவணையைத் திருத்தியதும் வெண்குள்ளர்களின் சராசரி நிறையே கூடியது.

ஆகவே விங்கெட் ஆய்வகத்துக்கு வந்தார். நியூ மெக்ஸிகோவின் சாண்டியா ஆய்வகத்தில் உள்ள ‘இசட்’ இயந்திரம் இரண்டு கோடி ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை ஒரு கணம் பாய்ச்சி எக்ஸ் கதிர் வெள்ளத்தை உண்டாக்கும். அந்தக் கதிரால் ஒரு வாயு அறையின் தங்கச் சுவரைச் சூடாக்கி, அதன் வழியே ஹைட்ரஜனை வெண்குள்ளனின் மேற்பரப்பு நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே பிளாஸ்மாவில், ஒரே நேரத்தில் பீட்டா கோட்டையும் காமா கோட்டையும் அளக்கிறார்கள். இரண்டும் ஒரே அடர்த்தியைத் தர வேண்டும். உட்கவர் கோடுகளில் பீட்டா தரும் எண்ணும் காமா தரும் எண்ணும் பொருந்தவில்லை என்று 2019இல் அந்தக் குழு அறிவித்தது. அதற்கான காரணத்தைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த இதழில், செவ்வாயின் பாறைமீது லேசரைச் சுட்டு அங்கே பிறக்கும் பிளாஸ்மாவின் கோடுகளைப் படிக்கும் க்யூரியாசிட்டி ஊர்தியோடு தொடர்வோம்.